முதல் பக்கத்தில் யார்? திருவனந்தபுரத்துக் கல்யாண ஆல்பத்தின் வரலாறு

திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து சில வாரங்கள் ஆனதும் ஸ்டூடியோவிலிருந்து தம்பதியின் கைபேசிக்கு ஓர் இணைப்பு வருகிறது. ஆயிரக்கணக்கான படங்களும் சில காணொளிகளும் அதற்குள் இருக்கின்றன. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இணைய ஆல்பத்தை எந்த லேஅவுட்டில் அமைக்கலாம்? ஒரே அளவுச் சதுரக் கட்டங்களா, செங்கல் அடுக்கியது போன்ற பத்திகளா, ஒரே உயரத்தில் ஓடும் வரிசைகளா, முழுத்திரையில் ஒவ்வொன்றாக நகரும் படங்களா? பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் விடை சொல்லப்பட்டுவிடுகிறது.

இது அழகைப் பற்றிய சிறிய கேள்வி போலத் தோன்றும். உண்மையில் எந்தப் படம் முதலில் வர வேண்டும், எது பெரிதாக இருக்க வேண்டும், யார் அருகில் யார் நிற்க வேண்டும், யார் ஓரத்தில் வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை என்ற நான்கு முடிவுகள் அந்த ஒரு விடைக்குள் அடங்கியிருக்கின்றன. அரண்மனை, சட்டம், அக்கிரகாரம், ஸ்டூடியோ ஆகிய அனைத்தும் கடந்த நூறு ஆண்டுகளில் இந்த முடிவுகளைத் தத்தம் வழியில் எடுத்திருக்கின்றன. இன்று அவற்றை எடுப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள்.

ஆல்பம் என்ற பொருளே ஓர் ஒழுங்கிலிருந்து பிறந்தது. பாரிசில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் 1854இல் கைக்கு அடக்கமான அட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றார். எல்லா அட்டைகளும் ஒரே அளவில் இருந்ததால், அவற்றைச் செருகிவைக்கச் சமமான சன்னல்கள் வெட்டிய ஏடுகள் 1860 வாக்கில் விற்பனைக்கு வந்தன. மகாராணியின் படத்துக்கும் வீட்டுப் பாட்டியின் படத்துக்கும் அந்த ஏட்டில் ஒரே அளவு சன்னல்தான். இன்றைய சதுரக் கட்ட அமைப்பின் மூதாதை அதுவே. சம அளவு என்பது சம மதிப்பைக் குறிக்கும் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

திருவனந்தபுரத்தில் ஆல்பம் முதலில் அரசின் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர் சக்கரியா டி குரூஸ். அவருடைய தென்னிந்தியக் காட்சிகள் அடங்கிய ஆல்பம் ஒன்று, வைசிராய் கர்சனின் சேகரிப்பு வழியாக இப்போது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கர்சன் திருவிதாங்கூருக்கு வந்தது 1900ஆம் ஆண்டில். இத்தகைய ஆல்பம் ஒரு நாடு தன்னை விருந்தாளிக்கு அறிமுகப்படுத்தும் முறை. எதை முதலில் காட்டுவது, எதற்குப் பிறகு எதைக் காட்டுவது என்பதில் ஆட்சியின் தன்மதிப்பு அடங்கியிருந்தது. படக் கலையில் தேர்ச்சி பெற்ற ஒருவர் எடுத்தார்; வரிசையை அரசின் தேவை தீர்மானித்தது.

அதே அரச குடும்பத்தில் ஒரு திருமணத்தைப் படமாக்குவது எளிதான காரியமாக இருந்திருக்காது. திருவிதாங்கூர் அரச மரபு மருமக்கத்தாயத்தைப் பின்பற்றியது. மகாராணி என்ற பட்டம் மன்னரின் மனைவிக்கு உரியதன்று. தாய்வழியில் வந்த அரச குலப் பெண்ணுக்கு உரியது. மன்னரின் மனைவி 'அம்மச்சி' என்று அழைக்கப்பட்டார். அவருக்கு அரச நிலை கிடையாது. அதுபோலவே ராணியின் கணவர் 'கோயில் தம்புரான்' என்ற மதிப்புடையவராக இருந்தாலும் ராணிக்கு நிகரானவர் அல்லர். அரச குலப் பெண்ணின் திருமணத்துக்குப் 'பள்ளிக்கெட்டு' என்று பெயர். கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயி, பூஞ்ஞாற்றைச் சேர்ந்த கோதவர்ம ராஜாவை மணந்த பள்ளிக்கெட்டு 1934இல் நடந்தது. பிற்காலத்தில் ஜி. வி. ராஜா என்ற பெயரில் கேரள விளையாட்டுத் துறையிலும் சுற்றுலாத் துறையிலும் புகழ்பெற்றவர் அவர்தாம். மணமகனையும் மணமகளையும் ஒரே சட்டகத்தில் சம உயரத்தில் வைப்பது இன்று எல்லா ஆல்பத்துக்கும் இயல்பான தொடக்கம். அந்த மரபில் அதே படம் நிலைகளின் வேறுபாட்டை மறைத்துவிடும் படம்.

அரண்மனைக்கு வெளியிலும் இதே கேள்வி இருந்தது. நாயர் தறவாட்டில் வீட்டின் நிர்வாகம் மூத்த தாய்மாமனாகிய காரணவரிடம் இருந்தது. சொத்து தாய்வழியில் சென்றது. புடவை கொடுத்து ஏற்படும் சம்பந்தம் நீண்ட காலம் சட்டத்தின் பார்வையில் முழுமையான திருமணமாகக் கருதப்படவில்லை. திருவிதாங்கூரின் 1912ஆம் ஆண்டு நாயர் சட்டம் அதைத் திருமணமாக ஏற்றது; ஆண் தானே ஈட்டிய சொத்தில் மனைவி மக்களுக்குப் பங்கு தந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட மணங்களைத் தடுத்தது. தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ளவும் வழி செய்தது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரு தனிக் குடும்பம் என்ற வடிவம் இவ்வாறு சட்டத்தால் உறுதிப்பட்டது. கணவன் நாற்காலியில் அமர, மனைவி அருகில் நிற்கும் தம்பதிப் படம் சுவரில் தொங்குவதற்கு முன்பு, அந்தத் தம்பதிக்குச் சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் தேவைப்பட்டது. காரணவரும் மூத்த தாயும் நடுவில் அமர்ந்திருக்கும் தறவாட்டுக் குழுப் படத்தையும், இருவர் மட்டும் இருக்கும் தம்பதிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு சமூக மாற்றத்தின் இரு கரைகள் தெரியும். மருமக்கத்தாயக் கூட்டுக் குடும்ப முறையை முற்றிலும் நீக்கிய கேரளச் சட்டம் 1975இல் வந்தது. அதற்குள் ஆல்பத்தின் முதல் பக்கம் தம்பதிக்கே உரியதாகிவிட்டிருந்தது.

நகரத்தின் தமிழ்த் தெருக்களில் கதை வேறு. கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதிகளில் குடியேறிய தமிழ் அந்தணர் குடும்பங்களில் கல்யாணம் என்பது பல சடங்குகளின் தொடர். காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்ய தாரணம், சப்தபதி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், நலங்கு என்று அது நீளும். நாயர் கல்யாணமோ விளக்கின் முன் சில நிமிடங்களில் தாலிகட்டும் புடவை கொடுத்தலும் முடிந்து சத்யா பந்திக்கு நகர்ந்துவிடும். முன்னதற்கு வேண்டியது வரிசை பிசகாத ஆல்பம். பின்னதற்கு வேண்டியது அந்தச் சில நிமிடங்களையும் கூடியிருந்த உறவுகளையும் விரிவாகக் காட்டும் ஆல்பம். ஒரே நகரத்தில், ஒரே ஸ்டூடியோவில், ஒரே வாரத்தில் இந்த இரண்டு தேவைகளும் வந்து நின்றன.

வரிசைக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சப்தபதி உள்ள சடங்கு முறையில் ஏழாவது அடி எடுத்து வைத்த பிறகே திருமணம் முழுமையடைகிறது என்கிறது. தமிழ்நாட்டில் 1967இல் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகக் கூறி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் போதும். முதல் முறையில் திருமணத்தின் உச்சம் தீயின் முன் எடுத்து வைக்கும் ஏழாவது அடி. இரண்டாவதில் கூடியிருந்தவர்களின் முகங்களே அதன் ஆதாரம். சடங்குகள் நடைபெறாமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கூறியது. தாலி கட்டும் கணத்தை முழுப் பக்கத்துக்கு விரித்து, சப்தபதியைக் கடுகளவுக் கட்டத்தில் அடைக்கும் ஆல்பம் அழகாக இருக்கலாம்; நடந்ததைச் சரியாகச் சொல்வதாகாது.

பாளையம் சந்திப்புக்குச் சென்றால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். அங்கே கணபதி கோயிலும் ஜும்மா மசூதியும் புனித சூசையப்பர் பேராலயமும் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே நிற்கின்றன. கோயில் கல்யாணத்தின் மையம் தாலி. கேரளக் கிறித்தவர்களில் பலருடைய திருமணத்தில் மின்னுகெட்டும் மந்திரகோடி போர்த்துதலும் மையம். நிக்காஹ்வின் மையப் படத்திலோ மணமகள் இல்லாமலும் இருக்கலாம். மணமகனும் பெண்ணின் தந்தையும் கைகோத்திருக்கும் காட்சியே அங்கு ஒப்பந்தத்தின் கணம். தம்பதியின் பெரிய படத்தைத் தலைப்பில் வைத்துத் தொடங்கும் ஆயத்த அமைப்புக்கு இம்மூன்றின் வேறுபாடும் தெரியாது.

1950களிலிருந்து 1970கள் வரை ஆல்பத்தின் அமைப்பைத் தீர்மானித்தது பிலிமின் அளவு. 120 வகை ரோலில் ஆறு சென்டிமீட்டர்ச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள்தாம் எடுக்க முடியும். வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் கேமராக்களும், வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களும் அந்தச் சதுரத்தையே தந்தன. 1960இல் தொடங்கப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம் பின்னர் கடைகளுக்கு வந்தது. திருவனந்தபுரம் ஸ்டாச்சு பகுதியில் சிவன் தம்முடைய ஸ்டூடியோவை 1959இல் திறந்தார். 'செம்மீன்' படத்தின் நிழற்படங்களை எடுத்தவரும், சந்தோஷ் சிவனின் தந்தையும் அவரே. அத்தகைய ஸ்டூடியோக்களின் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ரோல் என்றால் இருபத்துநான்கு படங்கள். எந்தச் சடங்குக்கு ஒரு படம், எந்த உறவுக்கு ஒரு படம் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது. ஒரு பெரியப்பாவின் குடும்பத்துக்கு ஒரு படம் ஒதுக்கி, சித்தப்பாவின் குடும்பத்தை விட்டுவிட்டால் வருத்தம் தலைமுறைக்கும் நிற்கும்.

படங்கள் வந்த பிறகு ஒட்டும் வேலை வீட்டில் நடந்தது. தடித்த கறுப்புத் தாள், படத்தின் நான்கு மூலைகளையும் பிடிக்கும் சிறு காகித முக்கோணங்கள், இடையிடையே சிலந்தி வலை அச்சிட்ட மெல்லிய தாள்: அக்கால ஆல்பத்தின் உடல் இவ்வளவே. யார் முதலில், யார் அடுத்து என்பதை வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்வார். சில வீடுகளில் படத்தின் கீழேயோ பின்புறமோ பெயரும் தேதியும் எழுதப்பட்டன. அந்த ஒரு வரிதான் பிற்காலத்துக்கு அந்தப் படம் கொடுத்த மிகப் பெரிய கொடை. அந்த ஆல்பத்தைத் தயாரித்தவருக்குப் படத்திலிருந்த ஒவ்வொருவரின் பெயரும் உறவும் தெரிந்திருந்தது; இதற்குப் பிறகு வந்த எந்த முறையிலும் அந்த நிலை திரும்பவில்லை.

1980களில் வண்ணப் படமும் வீடியோவும் வந்தன. மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டில் அமைப்பு என்பது இடத்திலிருந்து காலத்துக்கு மாறியது. எது பெரிது என்ற கேள்வி எது நீளமானது என்ற கேள்வியாயிற்று. பந்தியில் ஒவ்வோர் இலையாக நகர்ந்த கேமராவைப் பார்த்துப் பலர் சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் நிழற்படக்காரர் தேடிப் போகாத சமையல்காரரும் பரிமாறியவரும் கடைசி வரிசைப் பாட்டியும் அந்தச் சலிப்பூட்டும் ஓட்டத்தில்தான் பதிவாயினர். அதே வீடியோவின் இழப்பு ஒலியில் நேர்ந்தது. தொகுப்பவர் சினிமாப் பாட்டை மேலேற்றியபோது நாகசுரமும், மந்திரமும், பெரியவர்கள் வாழ்த்திய குரலும் பல கேசட்டுகளில் அழிந்தன. மிக்சரின் இதய வடிவச் சட்டகங்களையும் சுழலும் பூக்களையும் தேர்ந்தெடுத்தவர் ஸ்டூடியோவில் இருந்தார். வீட்டிலிருந்தவர்களின் கை அப்போது விலகத் தொடங்கியது.

2000களில் டிஜிட்டல் கேமராவுடன் வந்த ஆல்பம் அந்த விலகலை முழுமையாக்கியது. 'கரிஷ்மா ஆல்பம்' என்ற பெயரில் பரவிய அச்சு ஏடுகளில் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட் வழக்கமான அளவாயிற்று. விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அகன்ற படமாகும். அந்த அளவுக்கென்றே ஆயத்தமாகக் கிடைத்த போட்டோஷாப் மாதிரிகளில் படங்களைப் பொருத்தினால் போதும். மணமக்களின் உருவம் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு மேகங்களின் மீதோ அரண்மனை முற்றத்திலோ வைக்கப்பட்டது. வெட்டியெறியப்பட்ட பின்னணியில் மண்டபத்தின் பெயர்ப்பலகை இருந்தது; வாழைமரமும் குத்துவிளக்கும் இருந்தன; தோளில் துண்டுடன் நின்ற தாய்மாமன் இருந்தார். அக்காலத்து ஆல்பங்களில் எந்த ஊர்க் கல்யாணம் என்பதைக் கண்டுபிடிப்பது 1965ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைப் படத்தைவிடக் கடினம்.

இணைய ஆல்பம் இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயம். அதிலுள்ள ஒவ்வோர் அமைப்புக்கும் தனக்கே உரிய சார்பு உண்டு. எளிய கணக்கே அதைக் காட்டிவிடும். 2010இல் தொடங்கிய இன்ஸ்டகிராம் 2015 வரை சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது. சதுரக் கட்டம் அதனால் பழக்கமாயிற்று. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் எடுக்கப்பட்ட படத்தை நடுவில் வைத்துச் சதுரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இருபுறமும் ஆறில் ஒரு பங்கு வீதம் வெட்டுப்படும். குழுப் படத்தில் ஓரங்களில் நிற்பவர்கள் யார் என்று யோசித்தால் அந்த வெட்டின் பொருள் விளங்கும்: கடைசியில் வந்து சேர்ந்தவர்கள், கூச்சப்பட்டு ஒதுங்கியவர்கள், தூரத்து உறவினர்கள். 120 பிலிமின் சதுரத்தில் புகைப்படக்காரர் அனைவரையும் உள்ளே நிறுத்திய பிறகு படம் எடுத்தார். இன்றைய சதுரம் எடுத்த பிறகு வெளியே தள்ளுகிறது.

பின்டரெஸ்ட் பரவலாக்கிய செங்கல் அடுக்கு முறையில் எல்லாப் பத்திகளுக்கும் ஒரே அகலம். அதில் நெடுக்குப் படம் அகலப் படத்தைப் போல இரண்டேகால் மடங்கு பரப்பைப் பிடிக்கும். மணப்பெண்ணின் தனிப் படங்கள் ஓங்கும், குடும்பக் குழுப் படங்கள் சுருங்கும். ஃப்ளிக்கர் 2012இல் கொண்டுவந்த ஒரே உயர வரிசை முறையில் கணக்கு அப்படியே தலைகீழாகும். அகலப் படமான குழுப் படம் இரண்டேகால் மடங்கு பெரிதாகும். மேலும், செங்கல் அடுக்கில் அடுத்த படம் எந்தப் பத்தி குட்டையாக இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். இடமிருந்து வலமாக வாசிப்பவருக்கு ஊஞ்சலும் மாலை மாற்றலும் இடம் மாறித் தெரியும். வரிசை முறை புத்தகத்தைப் போல வாசிக்க இடம் தரும். பல சடங்குகள் உள்ள கரமனைக் கல்யாணத்துக்கு வரிசை முறை பொருந்துவதும், தனிப் படங்கள் மிகுந்த வரவேற்பு நிகழ்ச்சிக்குச் செங்கல் அடுக்கு பொருந்துவதும் இதனால்தான்.

நேர வரிசைப்படி அடுக்கினால் சிக்கல் தீரும் என்று எண்ண இடமுண்டு. இரண்டு மூன்று பேர் படம் எடுக்கும்போது கேமராக்களின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேறுபாடு இருந்தாலும் ஒரு கேமராவில் தாலிகட்டு முடிந்திருக்கும், இன்னொன்றில் மணமகன் அப்போதுதான் பந்தலுக்கு வருவார். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படங்களிலோ எடுத்த நேரக் குறிப்பே மிஞ்சுவதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து வரிசையைச் சரிபார்க்கும் பழைய வழக்கத்துக்கு மாற்று இன்னும் வரவில்லை.

திறந்த இணைப்பு யார் கைக்குப் போகும் என்பதும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதன் ஒரு பகுதியே. 2018இல் வடகரையில் கல்யாணப் படங்களிலிருந்த பெண்களின் முகங்கள் ஆபாசப் படங்களாக உருமாற்றப்பட்ட செய்தி கேரளத்தை உலுக்கியது. வெளியார் எவரும் படங்களைத் திருடவில்லை, தொகுப்பு வேலை செய்தவரே அதைச் செய்தார். எல்லாருக்கும் காட்டும் முகப்பு, உறவினருக்கு மட்டும் கடவுச்சொல்லுடன் திறக்கும் அறை, யாருக்கும் அனுப்பாமல் வீட்டில் வைக்கும் மூலப் பிரதி என்று மூன்றாகப் பிரிப்பது பழைய வீட்டின் திண்ணை, கூடம், அறை என்ற பிரிவைப் போன்றதுதான்.

இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பணி காட்டுகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் அங்குள்ள ஆய்வாளர்கள் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று குடும்பப் படங்களை எண்மப்படுத்தினர். பெயரோ ஊரோ குறிக்கப்படாத பழைய படத்தில் நகையும் புடவையும் திரைச்சீலையும் நிறைய பேசும். நிற்பவர் யார் என்பதை மட்டும் அவற்றால் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளில் பெயர் போய்விடுகிறது. இணைய இணைப்பின் ஆயுள் அதைவிட மிகக் குறைவு. சந்தா முடிந்தால் ஆல்பமும் முடிந்தது. 2025 ஜனவரியில் இன்ஸ்டகிராம் தன் பக்கங்களின் சதுரக் கட்டங்களை நீள்சதுரமாக மாற்றியபோது, சதுரத்துக்கென்று பார்த்துப் பார்த்து அடுக்கியவர்களின் ஒழுங்கு ஒரே நாளில் கலைந்தது. பிறருடைய இடத்தில் அடுக்கிய ஆல்பம் பிறருடைய முடிவுக்குக் கட்டுப்பட்டது.

எனவே ஸ்டூடியோவிலிருந்து வரும் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடுவது தகும். தங்கள் திருமணத்தின் மையக் கணம் எது என்று முதலில் கேட்டு, அதற்குப் பெரிய இடம் தரலாம். சடங்குகளை வரிசை முறையில் வைக்கலாம். குழுப் படங்களை வெட்டாமல் தனிப் பகுதியாக்கி, ஒவ்வொன்றின் கீழும் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதலாம். காணொளியில் பாட்டு ஏற்றாத ஒரு பிரதியைக் கேட்டு வாங்கலாம். மூலப் படங்களை இரண்டு இடங்களில் சேமிக்கலாம். இருபத்துநான்கு படங்களையாவது தாளில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பெயர் எழுதி வைக்கலாம்.

அகலவாக்கில் எடுத்த குழுப் படம் ஒன்று நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் திரையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. நாற்பது முகங்களும் அரிசி மணிகளாகத் தெரியும். என்றாலும் அந்தப் படத்தில் இரண்டு விரல்களை வைத்து விரித்து, ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும் ஒருவரைக் காட்டி, இவர் யார் என்று ஒரு பேத்தி கேட்கும் நாள் வரும். அப்போது விடை சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லாமல் போகலாம். படத்தின் கீழே ஒரு வரி இருந்தால் போதும்.